கால்நடைக்கும் தலைச்சுமைக்கும்

அத்தையின் சைக்கிளுக்கு மணி கிடையாது. மணி இருந்த இடத்தில் துருப்பிடித்த ஒரு வளையம் மட்டும் இருந்தது. மணி அடிக்க வேண்டிய இடத்திலெல்லாம் அவள் வாயைத் திறந்து, "வழீ!" என்று கத்துவாள். ஆடு விலகும். கோழி பறக்கும். சந்தைக்குப் போகிற ஆண்கள் மூட்டையோடு திரும்பிப் பார்த்து, "பொம்பளைக்கு இன்னா தொண்டடா இது" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒதுங்குவார்கள். அதற்குள் அவள் அடுத்த வளைவைத் தாண்டியிருப்பாள்.

அவள் என் அப்பாவின் கடைசித் தங்கை. என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவள். ஜவ்வாது மலைமேல், ஜமுனாமரத்தூருக்குக் கிழக்கே இருக்கிற எங்கள் சிற்றூரில் சைக்கிள் மிதித்த முதல் பெண் அவள். அதே ஊரில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய முதல் ஆள் நான். ஆணையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. முதலாவது நடந்ததால்தான் இரண்டாவது நடந்தது.

அத்தைக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. தலையில் எதையும் வைக்கமாட்டாள். எங்கள் மலையில் பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு இது நடக்கிற காரியமா? தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு, சாமை மூட்டை, சந்தைக்குப் போகும் புளி, எல்லாம் தலைமேல்தான். பழைய புடவைத் துணியை முறுக்கிச் சும்மாடு கூட்டி உச்சியில் வைத்துக்கொண்டு என் அம்மா நடந்தால், சுமை எது, அம்மா எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. அத்தையும் சிறுவயதில் அப்படிச் சுமந்தவள்தான். அவள் உச்சந்தலையில் ஒரு வட்டத்துக்கு முடி மெலிந்திருக்கும். அதை விரலால் தொட்டுக் காட்டி, "பாரு, இங்க ஒரு களம் கீது, கேவுரு காய வெக்கலாம்" என்பாள்.

"சொமையோட போறவளுக்குக் கீழ பாக்கத்தான் தெரியும்டி. பெரிய பொண்ணு ஆவற வரைக்கும் நான் இன்னா நெனச்சிக்கினு இருந்தேன் தெரியுமா? மரம்னா அடிமரம் மட்டும்தான்னு நெனச்சிக்கினு இருந்தேன். ஒரு நாள் கட்ட எறக்கிப் போட்டுட்டு நிமிர்ந்தேன். அடேங்கப்பா, மேல எவ்ளோ கீது!"

அன்று இறக்கிய சுமையை அவள் மறுபடி ஏற்றவில்லை. கல்யாணம் செய்து கொடுத்தார்கள். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் திரும்பி வந்துவிட்டாள். ஊர் ஆயிரம் காரணம் கேட்டது. அவள் சொன்னது ஒன்றுதான்: "புருசன் நல்லவன். கெணறுதான் சரியில்ல. பள்ளத்துல கீது."

சைக்கிள் வந்த கதையும் இப்படித்தான். மாசி, பங்குனியில் படவேட்டுப் பக்கத்திலிருந்து ஒரு புளி வியாபாரி லாரியோடு மேலே வருவார். எங்கள் ஊர்ப் புளியை எல்லாம் அவர்தான் அள்ளிக்கொண்டு போவார். அத்தை தன் பங்குப் புளியைக் காட்டி, "காசு வாணாம். ஒரு பழைய சைக்கிளு கொண்டாந்து போடு" என்றாள். வியாபாரி சிரித்தார்.

"யாருக்கும்மா சைக்கிளு?"

"எனக்குத்தான்."

"மலமேல யாரும்மா சைக்கிள் உடறாங்க? அதுவும் பொம்பள?"

"மல உனுக்குத்தான் மல. மேல வந்துட்டா எங்களுக்கு எல்லாம் தரதான்."

அது உண்மை. கீழேயிருந்து பார்ப்பவர்களுக்கு ஜவ்வாது மலை ஒரு சுவர். ஏறி வந்தவர்களுக்குத்தான் தெரியும், மேலே இன்னொரு நாடு விரிந்து கிடக்கிறது என்று: சாமை விளையும் கொல்லைகள், பலா மரங்கள், ஏறி இறங்கும் செம்மண் பாதைகள். அடுத்த முறை லாரி வந்தபோது, கண்ணமங்கலத்தில் யாரோ ஓட்டித் தேய்த்த, நடுவில் பார் வைத்த ஆண்கள் சைக்கிள் ஒன்று அதன் மேல் படுத்துக்கொண்டு வந்தது. அத்தை அதற்குப் பொட்டு வைத்தாள். புடவையை முழங்காலுக்குக் கீழே இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள், விழுந்தாள், ஏறினாள். முழங்கை தோல் உரிந்ததைக் கணக்கில் வைக்கவில்லை. பிறகு எங்கள் ஊரே அவளுடைய கேரியரில் பயணம் செய்தது. தண்ணீர்க் குடம் போனது. விறகு போனது. பலாப்பழம் போனது. ஒருமுறை குட்டி போட்ட வெள்ளாடும் அதன் இரண்டு குட்டிகளும் கூடையில் போயின. பக்கத்து வீட்டு அக்காவுக்கு வலி எடுத்தபோது அவளும் போனாள். யாராவது குறை சொன்னால் அத்தையிடம் பதில் தயாராக இருக்கும்: "தல பாக்கறதுக்கு. சொமைக்குத்தான் கேரியர் கீதே!"

எங்கள் ஊர்ப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். உயர்நிலைப் பள்ளி ஜமுனாமரத்தூரில். நடந்தால் விடியும்முன் கிளம்ப வேண்டும், இருட்டிய பிறகுதான் வீடு திரும்பலாம். அதனால் பெண் பிள்ளைகளின் படிப்பு அத்தோடு சரி. நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில், புளி லாரி வருகிற நாளாகப் பார்த்து அத்தை வீடு வீடாகப் போனாள். கெஞ்சவில்லை, வம்புக்கு இழுத்தாள். "ஏன்ணா, ஒம்பொண்ணு எம்மாதிரி ஆயிடுவான்னு பயமா? பயப்படாத, எம்மாதிரி ஆவறதுக்கு அவ்ளோ தைரியம் யாருக்கும் கெடையாது" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா எரிச்சலில்தான் சம்மதித்தார். லாரியின் அடுத்த நடையில் புளிக்கு ஈடாக மூன்று சைக்கிள்கள் வந்தன. ஆறு பெண்கள். ஒருத்தி மிதிப்பாள், ஒருத்தி பின்னால் உட்காருவாள். மேட்டில் இருவரும் இறங்கித் தள்ளுவோம். பள்ளத்தில் இருவரும் கத்துவோம்.

அந்தப் பள்ளங்களை எப்படி எழுதுவது! புளியந்தோப்பை நெருங்கும்போது பாதை திடீரென்று கீழே விழும். காலைப் பெடலிலிருந்து எடுத்துவிடுவோம். தாவணி பின்னால் உட்கார்ந்திருப்பவளின் முகத்தில் அடிக்கும். அவள் "கண்ணு தெரில, கண்ணு தெரில" என்று கத்துவாள். "நான்தானே ஓட்றேன், உனுக்கு எதுக்குக் கண்ணு?" என்று முன்னால் இருப்பவள் கத்துவாள். மூன்று சைக்கிளும் ஒன்றாக ஓடையில் இறங்கித் தண்ணீரை இரண்டாகக் கிழித்துக்கொண்டு மறுகரை ஏறும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை எங்களைச் சும்மா இருக்க விடமாட்டாள். "வாங்கடி, ஊர் பாக்கலாம்" என்பாள். எங்கே என்று கேட்டால் பதில் வராது. பாதை பிரிகிற இடங்களில் போகாத பக்கம் திரும்புவாள். ஒருமுறை, யாருடையது என்று தெரியாத ஒரு கொல்லையின் ஓரமாகப் போனபோது நான் பயந்து, "அத்த, யாராவது கேட்டா?" என்றேன்.

"இன்னான்னு கேப்பாங்க?"

"ஏன் வந்தீங்கன்னு."

"பாதை வந்துச்சு, நாங்களும் வந்தோம்னு சொல்லு."

அன்று அந்தப் பாதை எங்களை மலையின் விளிம்புக்குக் கொண்டுபோய் விட்டது. மலையிலேயே பிறந்து வளர்ந்த நாங்கள் ஆறு பேரும் அதுவரை மலையின் விளிம்பைப் பார்த்ததில்லை. கீழே படவேட்டு நெல் வயல்கள், கரும்புத் தோட்டம், கோயில் கோபுரம், சாலையில் ஒரு பஸ். ஒருத்தி, "நம்ம புளி அங்கதான் போவுதா?" என்று கேட்டாள். அத்தை, "புளியே போவுது. நீ போவ மாட்டியா?" என்றாள்.

நான் பத்தாம் வகுப்புக்குப் போன ஆண்டுதான் அந்தக் கேட்டு வந்தது.

புளியந்தோப்பையும் அதையொட்டிய கொல்லைகளையும் கீழ்நாட்டுக்காரர் ஒருவர் வாங்கியிருந்தார். ஜீப்பில் வருவார், வெள்ளைச் சட்டை. எங்கள் பள்ளிக்கூடப் பாதை அந்த நிலத்தின் நடுவில்தான் போனது. ஒரு திங்கட்கிழமை காலை நாங்கள் பள்ளத்தில் கத்திக்கொண்டு இறங்கிவந்தால், எதிரே இரும்புக் கேட்டு. பக்கத்தில் ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய சந்து. சந்துக்கு அருகில் நீலப் பலகை. முன்னால், பெரிய மீசையும் காக்கி அரைக்கால் சட்டையுமாக ஒரு வாச்சர்.

"நடந்து போறவங்க போலாம்மா. சைக்கிள் கூடாது. மொதலாளி உத்தரவு."

"தள்ளிக்கினு போறோம்ணா."

"தள்ளினாலும் வண்டி வண்டிதாம்மா."

அவர் கெட்டவர் இல்லை. சொல்லும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுற்றிப் போகிற மேட்டு வழியில் ஏறி, பாதி தூரம் தள்ளி, பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது முதல் பாடம் முடிந்திருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் தலைமையாசிரியர் எங்களை வெளியில் நிற்கவைத்து, "பத்தாவது பொண்ணு தெனம் இந்த நேரத்துக்கு வந்தா பேரை எடுத்துடுவேன்" என்றார். அதை யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். அப்பா கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஒம்போது வரைக்கும் படிச்சதே பெருசும்மா. போதும் வுடு" என்று மெதுவாகச் சொன்னார்.

ஜீப்பு வருகிற நேரம் பார்த்து அத்தை போய் நின்றாள். பின்னால் நாங்கள் ஆறு பேர்.

"ஐயா, நெலத்த வாங்கினீங்க, சரி. வழிய யார்கிட்ட வாங்கினீங்க?"

அவர் ஜீப்பிலிருந்து இறங்கவில்லை. சிரித்தார். மரியாதையான சிரிப்பு. "வழக்கத்துல இருக்கறதை நான் தடுக்கலையேம்மா. உங்க தாத்தா காலத்துலேர்ந்து நடந்தீங்க, தலையில சுமந்தீங்க. தாராளமா போங்க. பலகையிலேயே எழுதி வெச்சிருக்கேன். சைக்கிள் எந்தத் தாத்தா ஓட்டினாரு?"

அத்தை பலகையை ஒருமுறை பார்த்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "அந்தப் பலகைல இன்னா எழுதிகீது? ஒரு எழுத்து வுடாம சொல்லு."

எனக்கு அது மனப்பாடம் ஆகியிருந்தது. "கால்நடைக்கும் தலைச்சுமைக்கும் மட்டும் வழி உண்டு. எவ்வகை வண்டிக்கும் வழி இல்லை."

உரலடியில் சாமை புடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். "கால்நடையா? ஜமுனாமரத்தூர் மாட்டாஸ்பத்திரில போட்டுகீதே, அதா?"

எங்கள் ஊரில் அந்தச் சொல்லை எல்லோரும் கேள்விப்பட்டிருந்தது அந்தக் 'கால்நடை மருத்துவமனை'ப் பலகையால்தான். "இல்லம்மா" என்று விளக்கினேன். "இங்க கால்நடைன்னா காலால நடந்து போறது."

"அப்ப மாட்டாஸ்பத்திரில யாருக்கு ஊசி போடறாங்க? நடந்து போறவங்களுக்கா?"

நான் சிரித்துவிட்டேன். அத்தை சிரிக்கவில்லை. உதட்டுக்குள் "தலச்சொம, தலச்சொம" என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் திரும்பினாள்.

"அண்ணி, ஒங்க சும்மாட்டுத் துணி எங்க?"

அம்மாவின் கையில் முறம் அப்படியே நின்றது. "உனுக்கா?"

"எனக்குத்தான்."

அத்தைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அம்மாவுக்குத் தெரியும். கட்டிய புருஷனைக்கூட விட்டுவந்தவள் அவள், தலையில் ஒரு குடம் ஏற்றமாட்டேன் என்று. அம்மா எழுந்துபோய்த் துணியை எடுத்துவந்து கொடுத்தாள்.

மறுநாள் சந்தை. மூன்று நான்கு ஊர் ஆட்கள் மூட்டையும் கட்டுமாக அதே பாதையில் போய்க்கொண்டிருந்தார்கள். கேட்டுக்குச் சற்று முன்பு, பள்ளத்தின் அடியில், அத்தை சைக்கிளிலிருந்து இறங்கினாள். துணியை முறுக்கிச் சுற்றி உச்சியில், அந்த முடி மெலிந்த வட்டத்தில், பொருத்தினாள். "புடிங்கடி" என்றாள். நாங்கள் சைக்கிளைப் படுக்கைவாட்டில் தூக்கி அவள் தலைமேல் வைத்தோம். சட்டம் சும்மாட்டில் உட்கார்ந்தது. இரண்டு சக்கரமும் இரண்டு பக்கம் இறக்கை மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன. கழுத்து ஒருமுறை ஆடியது. பிறகு நேரானது. எத்தனை ஆண்டுகள் ஆனாலும் மறக்கிற வித்தையா அது?

எங்கள் மூன்று சைக்கிளும் அப்படியே ஏறின. ஒருத்தி தலையில் சைக்கிள், இன்னொருத்தி தலையில் புத்தகப் பைகள். நான் சைக்கிள் சுமந்தேன். விறகைவிட அது ஒன்றும் கனமில்லை. ஆனால் பெடல் காதோரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"வழீ!"

சைக்கிளின் கீழிருந்து அந்தக் குரல் வந்ததும் சந்தைக் கூட்டம் முழுவதும் திரும்பியது. வாச்சர் உட்கார்ந்திருந்த கல்லிலிருந்து எழுந்தார்.

"இன்னாம்மா இது?"

"தலச்சொமண்ணா. சந்துல நுழையாது. கேட்ட தொற."

விறகுக் கட்டோடு வருகிறவர்களுக்கு அவரே கேட்டைத் திறந்துவிடுவது வழக்கம். கட்டு சந்தில் நுழையாது. அவர் சாவிக்கொத்தில் கை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"சைக்கிள் வண்டிம்மா..."

"வண்டின்னா யாரு யாரத் தூக்கினு போவாங்க, நீயே சொல்லு. இத்தினி நாளு நான் அது மேல போனேன். இன்னைக்கு அது எம்மேல போவுது. இப்ப வண்டி யாரு? நான்தானே? நான் நடந்துதானே வர்றேன்?"

கூட்டத்தில் சிரிப்பு வெடித்தது. சிரிப்புக்குப் பின்னால் இன்னொரு சத்தம்: மணிச் சத்தம். திரும்ப முடியாத கழுத்தோடு முழு உடம்பையும் திருப்பிப் பார்த்தேன். அம்மா வந்துகொண்டிருந்தாள். முன்னால் எங்கள் ஆடுகள், பக்கத்து வீட்டு ஆடுகள், இரண்டு கறவை மாடுகள், ஊரின் ஒரே பொலிகாளை. அம்மா கையிலிருந்த குச்சியைப் பலகையை நோக்கி நீட்டினாள்.

"கால்நடைக்கு வழி கீதாமே? எம்பொண்ணு படிச்சிச் சொன்னா."

"ஐயோ, அது இந்தக் கால்நட இல்லம்மா!" என்று வாச்சர் தலையில் கை வைத்தார்.

"அப்ப மாட்டாஸ்பத்திரில தப்பா எழுதி வெச்சிகீறானா? சர்க்காரு பலகடா அது!"

சரியாக அந்த நேரம் உள்ளிருந்து ஜீப்பு வந்தது. கேட்டுக்கு உள்ளே ஜீப்பு, வெளியே ஆடு மாடு, நடுவே தலையில் சைக்கிள் வைத்த பெண்கள். முதலாளி ஹாரன் அடித்தார். ஆடுகளுக்கு ஹாரன் புரியவில்லை. அவர் இறங்கிவந்து, "என்ன கூத்து இது? வழியை விடுங்க, வண்டி போகணும்" என்றார்.

வண்டி. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குள் என்னவோ துள்ளியது. எனக்கு முன்னால் பலகை இருந்தது. எங்கள் வம்சத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தலையில் சைக்கிளோடு, பள்ளியில் பாடம் ஒப்பிக்கிற குரலில், உரக்கப் படித்தேன்:

"எவ்வகை வண்டிக்கும் வழி இல்லை!"

கூட்டத்தின் பின்னாலிருந்து யாரோ ஒரு கிழவர் கூவினார்: "மொதலாளி, நீங்களும் ஜீப்ப தலைல வெச்சிக்கினு வாங்க! தலச்சொமைக்குத் தட இல்ல!"

அந்தச் சிரிப்பு மலை முழுக்கக் கேட்டிருக்கும். வாச்சர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. முதலாளி எங்களைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்தார். தன் கையெழுத்தே தன்னைப் பார்த்துச் சிரிப்பது போல இருந்திருக்கும். வாச்சரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போனார்.

வாச்சர் கேட்டின் இரண்டு கதவையும் விரியத் திறந்தார். "ஏறிப் போங்கம்மா. பாக்கற எனக்கே கழுத்து வலிக்குது."

சைக்கிளை இறக்கினோம். அத்தை சும்மாட்டை அவிழ்த்து உதறி அம்மாவிடம் நீட்டினாள். கழுத்தைத் தேய்த்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்ததா, வெயிலா என்று எனக்குத் தெரியாது. "இதான் கடேசி" என்றாள். அம்மா அந்தத் துணியைத் தன் தலையில் வைக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இன்னாடி பாத்துக்கினு நிக்கறீங்க? பள்ளிக்கூட மணி அடிச்சிடும், ஏறுங்க!"

மணி அடிப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். தலைமையாசிரியர் எங்களைப் பார்த்து, "இன்னைக்கு என்ன அதிசயம்?" என்றார். "வழி கெடைச்சிடுச்சு சார்" என்றேன்.

அந்தப் பலகையை அடுத்த சந்தை நாளுக்குள் எடுத்துவிட்டார்கள். கேட்டு அதன்பின் பகலில் பூட்டப்படவில்லை. பத்தாம் வகுப்பில் நான் தேறியபோது அப்பா, "நான் அப்பவே சொன்னேன், படின்னு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அத்தை அவர் பின்னால் நின்று கண்ணடித்தாள்.

பிறகு ஒரு புளிக்காலத்தில், மலையின் மேற்குச் சரிவிலிருந்து அவளைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று அப்பா கேட்டார். தண்ணீர் எங்கே என்று அத்தை கேட்டாள். "வாசல்லயே பைப்பு" என்றார்கள். "வூடு வரைக்கும் சைக்கிள் வருமா?" என்று அடுத்து கேட்டாள். வரும் என்றார்கள். தன் கல்யாணத்துக்குத் தானே மிதித்துக்கொண்டு போனாள். கேரியரில் ஒரு தகரப் பெட்டி. அதன்பின் நான் அவளை அதிகம் பார்க்கவில்லை. பார்க்கிறவர்கள், அங்கேயும் ஞாயிற்றுக்கிழமைகளில் பெண் பிள்ளைகளைத் திரட்டிக்கொண்டு போகாத பக்கமாகத் திரும்புகிறாள் என்று சொல்கிறார்கள்.

நான் ஜமுனாமரத்தூரில் அலுவலக வேலை பார்க்கிறேன். அதே பாதையில்தான் போய் வருகிறேன். புது சைக்கிள், நல்ல மணி இருக்கிறது, கட்டைவிரலால் தொட்டாலே கிணுகிணுக்கும். ஊருக்குள் அதை அடித்துக்கொண்டுதான் போவேன். ஆனால் புளியந்தோப்புப் பள்ளத்தில் வேகமெடுத்து, இப்போது கதவும் இல்லாமல் நிற்கும் அந்த இரண்டு கேட்டுத் தூண்களும் எதிரே வரும்போது மட்டும் மணியைத் தொடுவதில்லை. எதிரே யாரும் இல்லாவிட்டாலும் பெடலில் எழுந்து நின்று, தொண்டை கிழிய ஒருமுறை கத்துகிறேன்:

"வழீ!"